வி.பி.எஸ்-ல (விடுமுறை வேதாகமப் பள்ளில) பாலர் வகுப்ப உங்க தலைல கட்டிட்டாங்களா? முதல் தடவை பிளான் பண்றவங்களுக்கு

மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு செருப்பத் தேடிட்டு இருக்கும்போது ஐயரு (சபை போதகரு) கூப்பிட்டு, "இந்த வருஷம் வி.பி.எஸ்-ல பாலர் வகுப்ப நீங்க பாத்துக்கோங்கம்மா, சின்னப் பிள்ளைங்கதான, சமாளிச்சிருவீங்க"ன்னு சொல்லிருப்பாரு. மறுக்க முடியாம நீங்களும் தலைய ஆட்டிட்டு வந்திருப்பீங்க. இந்தப் பதிவு உங்களுக்குத்தான். 3 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க, மே மாச லீவு, 5 நாள், காலைல மட்டும், தென் மாவட்டத்துல ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமத்து சபை, இத மனசுல வச்சுத்தான் எழுதுறேன். டவுன்ல ஏசி ஹாலும் பெரிய ஸ்கிரீனும் இருக்குற சபைன்னாலும் பிள்ளை பிள்ளைதான், பெருசா ஒண்ணும் மாறாது.

நிறைய பேரு பாடத்துல இருந்துதான் பிளான ஆரம்பிப்பாங்க, எத்தனை கதை, எத்தனை வசனம், எத்தனை பாட்டுன்னு. பெரிய பிள்ளைங்களுக்கு அது சரி. பாலர் வகுப்புக்கு மட்டும் பிள்ளையோட வயிறு, மூத்திரம், தூக்கம், வெயில், அம்மாவ விட்டுட்டு வந்த பயம் இதுல இருந்து ஆரம்பிங்க. இது சரியா இருந்தா கதை தன்னால உள்ள போகும், சரியில்லன்னா நீங்க எவ்வளவு அழகா கதை சொன்னாலும் ஒரு பிள்ளை அழ ஆரம்பிச்சு அத பாத்து இன்னொண்ணு அழுது மொத்த வகுப்பும் போச்சு.

முதல் படி: தேதியும் நேரமும்

ஈஸ்டர் முடிஞ்சு பாத்துக்கலாம்னு விட்டா லேட்டுதான். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துலயே வி.பி.எஸ் டைரக்டர்கிட்ட உக்காந்து தேதிய முடிவு பண்ணிருங்க. மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிரும், அதனால ஏப்ரல் கடைசிலயே பரீட்சை முடிஞ்ச கையோட வச்சுக்க முடிஞ்சா நல்லது, முடியலன்னா காலைல சீக்கிரம் ஆரம்பிங்க. பக்கத்து சபை வி.பி.எஸ், ஊர்ல அசனம் (சபை விருந்து), பெரிய கல்யாணம் ஏதாவது அந்த வாரத்துல இருக்கான்னு கோயில் வேலையெல்லாம் பாக்குற கோயில்குட்டியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, அவருக்குத் தெரியாத கல்யாணம் ஊர்ல இருக்காது.

பெரிய பிள்ளைங்களுக்கு 9-ல இருந்து 12 மணி வரை நடக்கும். பாலருக்கு 11 மணிக்கு முடிச்சிருங்க. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, இத யாரும் முன்கூட்டியே யோசிக்கிறதில்ல. 4 வயசு தம்பிய கூட்டிட்டு வர்றது 9 வயசு அக்கா. அக்காவுக்கு 12 மணிக்குத்தான் வகுப்பு முடியும். அப்ப அந்த ஒரு மணி நேரம் தம்பி எங்க இருப்பான்? அதுக்கு ஒரு ஓரமா ரெண்டு பாய் விரிச்சு, கொஞ்சம் விளையாட்டு சாமான் போட்டு, ஒரு பெரியம்மாவ உக்கார வச்சிருங்க. தூங்குறவன் தூங்கட்டும்.

ரெண்டாவது படி: இடம்

எங்களுக்கு ஹால் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. 1898-ல நியூயார்க்ல ஹாஸ்னு ஒரு அம்மா, தெருவுல சுத்திட்டு இருந்த பிள்ளைங்களுக்கு கோடைல வேதாகமப் பள்ளி நடத்தணும்னு ஒரு பீர் கடைய வாடகைக்கு எடுத்தாங்க. வி.பி.எஸ் கதைய சொல்லும்போது அவங்க பேரு தவறாம வரும். அவங்களுக்கு பீர் கடை போதும்னா நமக்கு கோயில் வராண்டா போதும், வேப்ப மர நிழலும் போதும்.

பாக்க வேண்டியது மூணுதான். பாத்ரூம் பக்கத்துல இருக்கணும். நிழலும் காத்தும் இருக்கணும், ஃபேன் இருந்தா வயரும் பிளக்கும் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. பெரிய பிள்ளைங்க பாட்டுச் சத்தம் தலைமேல விழக் கூடாது, ஏன்னா மைக் செட்டு பக்கத்துல உக்காந்து நீங்க கதை சொல்றது நடக்காத காரியம். பெஞ்ச் வேண்டாம். ஜமுக்காளம் விரிச்சு எல்லாரும் தரைல, நீங்களும் தரைல.

மூணாவது படி: ஆளுங்க

5 பிள்ளைக்கு ஒரு ஆளு. 25 பிள்ளை வரும்னு நெனச்சா 5 பேரு, உங்கள சேக்காம. இதுல எல்லாரும் கதை சொல்றவங்களா இருக்கணும்னு இல்ல. காலேஜ் படிக்கிற தங்கச்சிங்க ரெண்டு பேரு பாட்டுக்கும் ஆக்‌ஷனுக்கும், கை வேலை தெரிஞ்ச ஒரு ஆளு கிராஃப்டுக்கு, பாத்ரூம் கூட்டிட்டுப் போக ரெண்டு அக்கா. இவங்க போக, முக்கியமா ஒரு பாட்டி. முதல் நாள் அழுற பிள்ளைய மடில வச்சு அப்படியே தட்டிக் குடுக்க ஒரு பாட்டி இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, அவங்க வேற எந்த வேலையும் செய்ய வேண்டாம்.

ஒரு விதிய மட்டும் கறாரா வையுங்க. எந்தப் பிள்ளையும் எந்த நேரமும் ஒரே ஒரு பெரியவர்கூட தனியா இருக்கக் கூடாது, பாத்ரூமுக்குப் போனாலும் ரெண்டு பேரு, கதவு திறந்தே இருக்கணும். நம்ம சபை ஆளுங்கதானன்னு யாராவது சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். பிள்ளைங்கள பாலியல் கொடுமைல இருந்து காக்குற போக்சோ சட்டம் 2012-லயே வந்தாச்சு, சபை கோயில்னு அதுக்கு விதிவிலக்கு கிடையாது, ஒரு பிள்ளைக்கு தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம மறைக்கிறதும் அதுல குற்றம்தான். பிள்ளைங்களுக்கு உதவி கேக்குற சைல்டுலைன் நம்பர் 1098, அத சார்ட்ல எழுதி ஒட்டிருங்க. இத ஆசிரியர் பயிற்சி அன்னைக்கே எல்லார் முன்னாடியும் ஐயரையே சொல்லச் சொல்லுங்க, அப்ப யாருக்கும் மனஸ்தாபம் வராது.

நாலாவது படி: அஞ்சு நாளுக்கு அஞ்சு கதை

ரெடிமேட் பாடப்புத்தகம் வாங்கிருப்பாங்க, தீம், பாட்டு, செயல்நூல் எல்லாம் அதுலயே இருக்கும். அதுல பாலர் பகுதிய முழுசா படிச்சிட்டு பாதிய வெட்டிருங்க. ஒரு நாளைக்கு ஒரு கதை, அந்தக் கதைல ஒரே ஒரு விஷயம். பாட்டு, வசனம், கிராஃப்ட், ஜெபம் எல்லாம் அந்த ஒரு விஷயத்தையேதான் திரும்பத் திரும்ப சொல்லணும்.

புத்தகம் இல்லாம நீங்களே போடுறதா இருந்தா இப்படிப் போடலாம். முதல் நாள் நாணல் பெட்டில மோசே பாப்பா, யாத்திராகமம் 2. ரெண்டாம் நாள் ராத்திரி பேரு சொல்லிக் கூப்பிட்ட சத்தத்தக் கேட்ட சாமுவேல், 1 சாமுவேல் 3. மூணாம் நாள் புயல், மாற்கு 4. நாலாம் நாள் 5 அப்பம் 2 மீன், இத யோவான் 6-ல இருந்தே எடுங்க, ஏன்னா அந்த சாப்பாடு ஒரு சின்னப் பையனோடதுன்னு யோவான் மட்டும்தான் சொல்றாரு, நம்ம பிள்ளைங்களுக்கு அந்தப் பையன்தான் ஹீரோ. அஞ்சாம் நாள் காணாமப் போன ஆடு, லூக்கா 15.

எத விடணும்ங்கிறது இதவிட முக்கியம். மோசே கதைல ராஜா பாப்பாக்கள கொல்லச் சொன்னத இந்த வயசுல விவரிக்காதீங்க, "ராஜா கெட்டவன், அதனால அம்மா பாப்பாவ ஒளிச்சு வச்சாங்க" போதும். அதுக்குப் பதிலா தூரத்துல நின்னு தம்பிய பாத்துட்டே இருந்த அக்காவப் பத்தி நிறைய சொல்லுங்க. கோலியாத்தோட தலைய வெட்டுறது, ஈசாக்க பலி குடுக்கப் போறது, நரகத்துல தீ, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பயந்து போன பிள்ளை ராத்திரி தூங்காது, மறுநாள் வராது. அது போக, 4 வயசுப் பிள்ளை நீங்க சொல்றத அப்படியே எடுத்துக்கும். "இயேசப்பாவ இதயத்துக்குள்ள வாங்கன்னு கூப்பிடு"ன்னா "உள்ள எப்படி டீச்சர் நிப்பாரு"ன்னு கேக்கும். அது கிண்டல் இல்ல, உண்மையான சந்தேகம். "இயேசப்பா உன் கூடவே இருக்காரு"ன்னு நேரா சொல்லிருங்க.

கடைசி நாள் பாலர் வகுப்புல கண்ண மூடச் சொல்லி, இயேசுவ ஏத்துக்கிறவங்க கையைத் தூக்குங்கன்னு கேக்குறது சில இடத்துல நடக்கும். என் கருத்து, இந்த வயசுல அது வேண்டாம். பிஸ்கெட் வேணுமான்னு கேட்டாலும் எல்லா கையும்தான் தூக்கும். அதுவும் மத்த மதத்து வீட்டுப் பிள்ளைங்களும் லீவுல ஜாலியா வருவாங்க, அவங்க அப்பா அம்மாகிட்ட இங்க வேதாகமக் கதை சொல்லுவோம்னு முதல்லயே தெளிவா சொல்லி சம்மதம் வாங்கிட்டு சேத்துக்கோங்க.

அஞ்சாவது படி: கதைய எப்படி சொல்றது

7 நிமிஷம், மிஞ்சிப் போனா 8. கையில பேப்பர் இருக்கக் கூடாது, ஆனா வேதாகமத்த மடில திறந்து வச்சுக்கோங்க, கதை எங்க இருந்து வருதுன்னு பிள்ளைங்க பாக்கட்டும்.

புயல் கதைய எடுத்துக்குவோம். ஒரு பழைய நீல சேலைய நீளமா விரிங்க, ரெண்டு பக்கமும் அக்காமாரு பிடிச்சுக்கட்டும். ஒரு தலையணை கொண்டு வாங்க, ஏன்னா மாற்கு அத எழுதி வச்சிருக்காரு, இயேசு தலையணை வச்சு தூங்கிட்டு இருந்தாராம். ஒரு பிள்ளைய அதுல படுக்க வைங்க, எல்லாரும் நான் நான்னு வருவாங்க, அதனால யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. முதல்ல சேலை மெதுவா அசையும், நீங்களும் மெதுவா பேசுங்க. அப்புறம் காத்து, பிள்ளைங்க எல்லாரும் உஸ்ஸுன்னு ஊதணும். அலை பெருசாகும், சேலை தலைக்கு மேல போகும், ஒரே கூச்சல். படகுல இருந்தவங்க இயேசுவ எழுப்புறாங்க. அவரு எந்திரிச்சு கைய நீட்டி "இரையாதே, அமைதலாயிரு!" இந்த நாலஞ்சு நொடிதான் மொத்த கதையும். அந்த வார்த்தைக்கு சேலை டப்புன்னு தரைல விழணும், ஒரு சத்தம் வரக் கூடாது. அந்த அமைதில மெதுவா கேளுங்க, "யாரு சொன்னதும் காத்து நின்னுச்சு?" அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். உடனே "இன்னொரு தடவை டீச்சர்"ம்பாங்க, கண்டிப்பா இன்னொரு தடவை செய்ங்க.

முந்தின நாள் இத உங்க டீம் முன்னாடி செஞ்சு பாத்துருங்க. சேலை பிடிக்கிறவங்களுக்கு எப்ப விடணும்னு தெரியலன்னா இந்தக் கதை படுத்துரும்.

எல்லா கதைக்கும் இப்படி நடிக்க முடியாது. மத்த நாளுக்கு ஃபிளானல் போர்டு நல்லது, இப்ப யாரும் அத மதிக்கிறதில்ல. ஒரு அட்டைல கம்பளித் துணியோ ஃபெல்ட்டோ இழுத்து ஒட்டுங்க, படத்த வெட்டி பின்னாடி சின்னத் துண்டு உப்புத்தாள் ஒட்டுங்க, துணில வச்சா நிக்கும். கதை முடிஞ்சதும் பிள்ளைங்களே ஆட்டுப் படத்த எடுத்து வச்சு கதைய திருப்பிச் சொல்லும், டிவில போட்டுக் காட்டுனா அது நடக்காது.

வசனம் 4, 5 வார்த்தை. புயல் அன்னைக்கு ஏசாயா 41:10-ல முதல் வரி மட்டும், "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்". பயப்படாதேக்கு விரல ஆட்டுங்க, உன்னுடனேக்கு பக்கத்துல உள்ளவன் தோள்ல கை போடச் சொல்லுங்க. முழு வசனமும் ஒப்பிக்கிற போட்டி எல்லாம் பெரிய பிள்ளைங்களோட போகட்டும்.

ஆறாவது படி: கிராஃப்ட்

டீச்சரே வெட்டி டீச்சரே ஒட்டி பிள்ளை கைல குடுத்தா அது டீச்சரோட கிராஃப்ட். கோணலா இருந்தாலும் பிள்ளை செஞ்சது வீட்டுக்குப் போகணும். நீங்க வெட்டுற வேலைய மட்டும் முடிச்சு வைங்க, ஒட்டுறது, கலர் அடிக்கிறது அவங்க வேலை. ஆடு கதைக்கு பேப்பர் தட்டுல பஞ்சு ஒட்டுறது எப்பவுமே ஹிட். மணி, பட்டன், பலூன் மூணையும் கிட்டயே சேக்காதீங்க, வாய்ல போட்டா தொண்டைல சிக்கிரும். பேரு முன்னாடியே எழுதிருங்க, இல்லன்னா 25 ஆட்டுல எது யாரோடதுன்னு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

ஸ்நாக்ஸ்கும் அதே கவனம்தான். வழக்கமா சுண்டல் குடுப்பாங்க, ஆனா 3 வயசுப் பிள்ளைக்கு முழு கடலை, முழு வேர்க்கடலை, முழு திராட்சை ஆகாது. வாழைப்பழம், இட்லி, பிஸ்கெட் போதும். கலர் தண்ணிக்குப் பதிலா மோர் குடுங்க, வெயிலுக்கு நல்லது, செலவும் கம்மி, கமிட்டில கணக்கு கேக்குறவரும் சந்தோஷப்படுவாரு.

ஏழாவது படி: ஒரு நாள் எப்படிப் போகும்

9 மணிக்கு வந்ததும் உக்கார வைக்காதீங்க. எல்லாரும் வந்து சேர 20 நிமிஷம் ஆகும், அதுவரை களிமண், பிளாக்ஸ் எதையாவது வச்சு விளையாடட்டும், அம்மாவ விட்டு வந்த அழுகை அதுலயே குறைஞ்சிரும். அப்புறம் ஆக்‌ஷன் பாட்டு 15 நிமிஷம், உடம்பு களைச்சதும் கதை. கதை முடிஞ்சதும் தண்ணி, பாத்ரூம், கேக்காத பிள்ளையையும் சேத்து கூட்டிட்டுப் போங்க. 10 மணிக்கு கிராஃப்ட், அப்புறம் ஸ்நாக்ஸ், 10.40-க்கு நிழல்ல விளையாட்டோட வசனம். கடைசியா ஜெபம், நீங்க ஒரு சின்ன வரி சொல்ல அவங்க திருப்பிச் சொல்லணும், மொத்தமே நாலு வரி. புதுசா எதுவும் வேண்டாம், தினமும் இதே வரிசைதான், மூணாம் நாள் பிள்ளைங்களே "இப்ப மோர் டீச்சர்"னு உங்களுக்கு ஞாபகப்படுத்தும்.

பதிவு நோட்டுல பேரு, வீட்டுல கூப்பிடுற பேரு, வயசு, போன் நம்பர், எந்த சாப்பாடு ஒத்துக்காது, யாரு வந்து கூட்டிட்டுப் போவாங்க, இவ்வளவும் இருக்கணும். கூப்பிடுற பேரு ஏன்னா, ஞானஸ்நானப் பேரு சொல்லிக் கூப்பிட்டா பாதி பிள்ளை திரும்பிக் கூடப் பாக்காது. போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போட அப்பா அம்மாகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

ரேலியும் நிறைவு விழாவும்

ரேலி (ஊர்வலம்) அன்னைக்கு பாலர தெருத்தெருவா நடத்த வேண்டாம், கோயில் வாசல்ல கொடி பிடிச்சு நின்னு போறவங்களுக்கு டாட்டா காட்டினா போதும், இல்லன்னா ஒரு ஆட்டோல ஏத்திருங்க. நிறைவு விழா சாயங்காலம்னா டைரக்டர்கிட்ட சண்டை போட்டாவது பாலர் நிகழ்ச்சிய முதல்ல வாங்கிருங்க. ரிப்போர்ட், வாழ்த்துரை, பரிசு எல்லாம் முடிஞ்சு எட்டரை மணிக்கு மேடை ஏத்துனா பாதி தூங்கிரும் மீதி அழும். ஒரு பாட்டு, ஒரு வசனம், இறக்கிருங்க. ஒருத்தன் மேடைல அப்பாவ பாத்து கைய ஆட்டிட்டே நிப்பான், பாட மாட்டான், விடுங்க.

பரிசு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி, முதல் ரெண்டாம்னு கிடையாது. கூட்டத்துல யாரு பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரியாமப் போகும், அதனால அன்னைக்கும் நோட்டப் பாத்துத்தான் கைல ஒப்படைக்கணும். மறுநாளே அந்த நோட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஞாயிறு பள்ளி டீச்சர்கிட்ட குடுத்துருங்க, ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள அவங்க வீடு வீடா போய் பாக்கட்டும்.