செட்டுக்கு மாதிரி செய்வது எப்படி?

மேடையோ சினிமாவோ, தச்சரை அழைக்கும் முன் செட்டின் சிறிய அளவு மாதிரி (மாடல்) தயாராக இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடக அரங்குகளில் 1:25 அளவு (நிஜத்தில் 25 பங்கு, மாதிரியில் 1 பங்கு) வழக்கம். அடி, அங்குலத்தில் வேலை பார்க்கும் நமக்கு அரை அங்குலம் = 1 அடி (1:24) வசதி.

முதலில் அரங்கை நீங்களே டேப் பிடித்து அளங்கள். பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். தூணும் ஏசி குழாயும் அதில் இருக்காது. தரைப்படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, சுற்றிலும் கறுப்புப் பெட்டி கட்டுங்கள். அரை அங்குல அளவில் 7 அடிக் கதவு மூன்றரை அங்குலம், ஐந்தரை அடி மனிதர் இரண்டே முக்கால் அங்குலம். அப்படி ஒரு மனித உருவத்தை உள்ளே வைக்காவிட்டால் மாதிரி ஏமாற்றிவிடும்: அறை பெரிதாகத் தெரியும், கட்டிய பிறகு சோபா நுழையாது.

சுவருக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு (நடுவில் நுரை வைத்த அட்டை) போட்டால் நிஜத்தில் 12 செ.மீ. கனமாகிவிடும். செங்கல் சுவருக்கு அது பொருந்தும்; பிளைவுட் தட்டிக்கு 1 மி.மீ. அட்டைதான் சரி. ஃபெவிகாலை மெல்லத் தடவி, காயும்வரை மேலே கனம் வையுங்கள். இல்லையேல் அட்டை வளையும்.

பிறகு முதல் வரிசையின் இரு ஓர இருக்கைகளின் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். பக்கத் திரைக்குப் பின்னே காத்திருப்பவர் தெரிந்தால் சுவரைத் திருப்புங்கள். சினிமா செட் என்றால் சுவர்களை ஒட்டாமல் குண்டூசியால் நிறுத்துங்கள். கேமரா வைக்க எந்தச் சுவரைக் கழற்றுவது என்று ஒளிப்பதிவாளர் கட்டாயம் கேட்பார்.