நோய் தணிப்புப் பராமரிப்பு: படுக்கையருகே எடுத்துப் போக ஒரு பாக்கெட் நோட்டு தயார் செய்வது எப்படி?

பாலியேட்டிவ் கேர், அதாவது கடும் நோயில் வலியையும் தொல்லைகளையும் குறைக்கும் நோய் தணிப்புப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தேடுவது கையேடுகளைத்தான். போன் நிறைய பிடிஎஃப் இருக்கும். நோயாளி முனகிக்கொண்டிருக்கும்போது அதில் எந்தப் பக்கத்தைத் திறப்பது? அவற்றை வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். படுக்கையருகே கொண்டுபோக, உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே பாதி மனதில் பதிந்துவிடும். ஆறு பக்கம் போதும்.

படி 1: எண் கேட்கும் பக்கம்

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். கடும் வலியில் இருப்பவரும் அதையே சொல்வார். அதனால் எண் கேளுங்கள். எட்மண்டன் அளவுகோல் என்று ஒன்று 1991-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வலி, சோர்வு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சு வாங்குதல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்பது, ஆக 9 தொல்லைகள். ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 10 (தாங்கவே முடியாதது) வரை. இவற்றை நோட்டில் வரிசையாக எழுதி, பக்கத்தில் தேதிக்குக் கட்டம் போடுங்கள். கடைசியில் ஒரு கேள்வி: "இதில் எது உங்களை அதிகம் படுத்துகிறது?" நீங்கள் வலியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பீர்கள், அவர் சோர்வைச் சொல்வார். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மறதி நோய் முற்றியவர்களிடம் எண் கேட்க முடியாது. மூச்சு, முனகல், முகபாவம், உடல் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது பார்த்தால் பிடிபடாது. புரட்டிப் படுக்க வைக்கும்போது முகத்தைப் பாருங்கள்.

படி 2: மருந்துப் பக்கம்

இந்தப் பக்கத்துக்கு அதிக நேரம் செலவிடுங்கள். புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரத்தை மூன்றே வரியில் எழுதிவிடலாம்: முடிந்தவரை வாய்வழியாக, மணி தவறாமல், ஆளுக்கேற்ற அளவில். இரண்டாவது வரியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "வலித்தால் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால், நோயாளி தாங்கமுடியாமல் கத்தும்வரை குடும்பம் காத்திருக்கும். கடும் வலிக்குத் தரும் மார்ஃபினின் சாதாரண மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம்தான். அடுத்த வேளை மருந்து வலி திரும்புவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டாக்டர் 4 மணி நேரத்துக்கொரு முறை 10 மி.கி. மார்ஃபின் எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு 6 வேளை, மொத்தம் 60 மி.கி. இடையில் வலி வந்தால் தரவேண்டிய கூடுதல் வேளையை வழக்கமாக நாள் அளவில் ஆறில் ஒரு பங்காக எழுதுவார்கள், அதாவது 10 மி.கி. நேற்று மூன்று முறை அப்படிக் கொடுக்க நேர்ந்திருந்தால் உள்ளே போனது 90 மி.கி. அதை ஆறால் வகுத்தால் வேளைக்கு 15. அளவை மாற்றுவது டாக்டரின் முடிவு. ஆனால் அந்த "மூன்று முறை" என்ற தகவல் உங்கள் நோட்டிலிருந்துதான் அவருக்குப் போக வேண்டும்.

மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் மருந்து இருக்கும்வரை கூடவே இருக்கும். தட்டி எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, மூச்சு மிகவும் குறைகிறது, கை கால் திடீர் திடீரெனத் துள்ளுகிறது என்றால் உடனே டாக்டரை அழையுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும், மருந்தின் கழிவு உடலிலேயே தங்கிவிடும்.

அப்புறம், மருந்துச் சீட்டு. புதிதில் நான் "6, 10, 2" என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்கு எழுத்தும் தெரியாது, கடிகாரமும் பார்க்கத் தெரியாது. அதிலிருந்து சூரியன் உதிப்பது, உச்சியில் நிற்பது, சாய்வது, நிலா என்று படம் போட்டு, கீழே அந்தந்த மாத்திரையையே ஒட்டிவிடுகிறேன். இரவு 2 மணி வேளைக்கு யார் எழுந்திருப்பது என்று வீட்டில் கேட்பார்கள். படுக்கும்போது இரட்டை அளவு கொடுத்து அந்த வேளையை விட்டுவிடும் வழக்கம் உண்டு. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: வாய்

யாரும் முதலில் பார்க்காத இடம். நிறைய மருந்துகள் வாயை உலர்த்தும், வாயாலேயே மூச்சு விடுவதும் சேர்ந்துகொள்ளும். டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வெள்ளைப் படலம் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்கு மருந்து உண்டு, சாப்பிடவே மறுத்தவர் அது சரியானதும் கஞ்சி கேட்பார். பல்செட் இருந்தால் அதையும் சுத்தம் செய்யாவிட்டால் தொற்று திரும்பிவிடும்.

குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷை நனைத்து, உதறிவிட்டு, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் என்று மெதுவாகத் தேய்க்கவும். நினைவில்லாதவரென்றால் தலையை ஒருபக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் சொட்டக் கூடாது. எலுமிச்சை, கிளிசரின் தோய்த்த பஞ்சு வேண்டாம், போகப்போக வாயை இன்னும் உலர்த்தும். இதைக் குடும்பத்தில் ஒருவருக்குச் செய்துகாட்டி, அடுத்த முறை அவரையே செய்யச் சொல்லுங்கள். "எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லையே" என்று தவிப்பவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

படி 4: மூச்சு வாங்குதல்

கையில் பிடிக்கும் சின்ன ஃபேன், அல்லது ஒரு விசிறி. மூக்கும் கன்னமும் குளிரும்படி காற்று பட வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் தலையணை போட்டுச் சாய வையுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவர்களுக்குக் குழாய் வழியாக வந்த ஆக்சிஜனும் சாதாரணக் காற்றும் ஒரே அளவுதான் உதவின என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் சிலிண்டர் தேட வேண்டியதில்லை.

படி 5: பேச்சுப் பக்கம்

வீட்டார் வாசலிலேயே மடக்கி, "அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்" என்பார்கள். வாதாடாதீர்கள். "நானாகச் சொல்ல மாட்டேன், அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உள்ளே போனதும் கேட்க இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருங்கள்: "உங்கள் நோயைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள்?", "இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா?" கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் கஷ்டம்.

படி 6: கடைசி நாட்களின் பக்கம்

இதைக் கிழித்துக் குடும்பத்திடம் கொடுத்துவிட வேண்டும், அதனால் இரண்டு பிரதி எழுதுங்கள். தூக்கம் கூடும், சாப்பாடும் சிறுநீரும் குறையும், கை கால் சில்லிட்டுத் தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு விட்டுவிட்டு வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்பவர்களுக்குத்தான் அது பயங்கரம், நினைவிழந்த நிலையில் இருப்பவரை அது வருத்துவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் குறையும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம். பசிக்குமே என்று வாயில் ஊட்டினால் புரை ஏறும், உதட்டை நனைத்தால் போதும்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். இறக்கும் தறுவாயில் நினைவிழந்தவர்களில் சிலரின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியதை கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் பதிவு செய்திருக்கிறது.

அந்தத் தாளின் அடியில் இரவில் கூப்பிட வேண்டிய எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். இறந்தபின் ஓரிரு வாரத்தில் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். மிச்சமிருக்கும் மார்ஃபினை வீட்டார் முன்னிலையில் எண்ணி, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் அமைப்பின் விதிப்படி திருப்பி ஒப்படைத்துவிடுங்கள்.