துபாயா, மாலத்தீவா? வெளிநாட்டு டீச்சர் வேலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மெட்ரிக் பள்ளியில் பதினைந்தாயிரம் சம்பளத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுத்துக்கொண்டு, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணியும் போஸ்டிங் வராமல் காத்திருக்கிற ஒருவருக்கு வெளிநாட்டு யோசனை வந்தால் முதலில் காதில் விழுகிற பெயர்கள் இரண்டு. ஒன்று துபாய், அதாவது மொத்த அமீரகமும். இன்னொன்று மாலத்தீவு. குமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் விசாரித்தால் மாலத்தீவில் டீச்சராக இருந்துவிட்டு வந்தவர்கள் கட்டாயம் கிடைப்பார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் அதன் தலைநகர் மாலே.

இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நாட்டை நாட்டோடு ஒப்பிடுகிறார்கள். பாதித் தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடப்போவது ஒரு பள்ளிக்கூடத்தின் ஒப்பந்தத்தில். ஒரே துபாயில் ஒரு பள்ளி டீச்சருக்குச் சொகுசு, அடுத்த தெருப் பள்ளி நரகம். மாலத்தீவிலோ தீவுக்குத் தீவு வாழ்க்கையே வேறு.

சரி, முதலில் பணம். ஆஃபர் லெட்டர் வந்த அன்றைக்கே அன்றைய ரேட்டைப் போட்டு ரூபாயாகப் பெருக்கி, வீட்டில் சொல்லி, வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி, அதற்கப்புறம் ஒப்பந்தத்தைப் படிக்கிற ஆட்கள்தான் அதிகம். மாலத்தீவு விஷயத்தில் இந்தப் பெருக்கல் ரொம்பவே ஏமாற்றும். ருஃபியாவுக்கு அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு 15.42. சம்பளம் 15,000 ருஃபியா என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கில் 970 டாலருக்கு மேல் வருகிறது. அந்த விலைக்கு உங்களுக்கு டாலர் கிடைக்குமா என்பதுதான் விஷயம். அங்கே டாலர் தட்டுப்பாடு பல வருஷமாக இருக்கிற பிரச்சினை. வங்கி வழியாக மாதம் இவ்வளவுதான் ஊருக்கு அனுப்பலாம் என்று வரம்பு வைப்பார்கள், அந்த வரம்பை இடையில் குறைக்கவும் செய்வார்கள். வெளிச்சந்தையில் டாலர் 20 ருஃபியாவாக இருக்கும்போது அதே 15,000 வெறும் 750 டாலர்தான், அதிலும் அப்படி வெளியில் வாங்குவது சட்டப்படி சரியில்லாத வேலை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதோடு முடியவில்லை: சம்பளம் டாலரிலா ருஃபியாவிலா, இப்போது அங்கே இருக்கிற டீச்சர் போன மாதம் ஊருக்கு எவ்வளவு, எந்த வழியில் அனுப்பினார்? இதைக் கேட்காமல் போய், மாதாமாதம் அக்கவுண்ட்டில் ருஃபியா சேர்ந்துகொண்டிருக்க, ஊரில் நகைக்கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்த கதைகள் நிறைய. (பணம் அனுப்பினால் 3 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்று இன்னமும் சிலர் பயமுறுத்துவார்கள். அது 2016-இல் வந்த வரி, 2020 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள்.)

அமீரகத்தில் இந்தத் தொல்லை இல்லை. திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டது, சம்பளம் வந்த அரை மணியில் ஊருக்கு அனுப்பலாம், வருமான வரியும் கிடையாது. அங்கே சிக்கல் அனுப்புவதற்கு மிச்சம் இருக்குமா என்பதில். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் சம்பளம் பிரிட்டிஷ் பள்ளிகளோடு ஒப்பிட்டால் குறைவு. துபாய் வாடகை கட்டாது என்று ஷார்ஜாவில் அறை எடுத்தால், காலையில் துபாய் எல்லையைத் தாண்டுகிற டிராஃபிக் உங்கள் தூக்கத்தில் கை வைக்கும். பள்ளி பஸ்ஸில் ஏற நாலரை, ஐந்து மணிக்கே எழுந்து சமைத்து முடிக்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள். அலவன்ஸ் கொடுக்கிறார்களா, வீடே கொடுக்கிறார்களா, வீடு என்றால் தனி அறையா நாலு பேருக்கு ஒன்றா, இதெல்லாம் எழுத்தில் வேண்டும்.

அப்புறம் இந்த பேசிக், அதாவது அடிப்படைச் சம்பள விவகாரம். ஆஃபரில் 4,500 திர்ஹாம் என்று போட்டிருக்கும், உள்ளே பிரித்துப் பார்த்தால் பேசிக் 1,800, மிச்சமெல்லாம் அலவன்ஸ். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராச்சுவிட்டி பேசிக்கை வைத்துத்தான்: ஒரு வருஷம் முடித்தால், முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் 30 நாள். பேசிக் 1,800 என்றால் வருஷத்துக்கு 1,260 திர்ஹாம். அதுவே 3,000 என்றால் 2,100. ஐந்து வருஷத்தில் நாலாயிரம் திர்ஹாமுக்கு மேல் வித்தியாசம், மொத்தச் சம்பளம் ஒன்றேதான். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வருஷ நடுவில் சேர்ந்தால் எப்படி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் சின்ன விஷயமில்லை. மாலத்தீவில் இந்தக் கிராச்சுவிட்டிக் கணக்கை எதிர்பார்த்துப் போக வேண்டாம். வீடு, விமான டிக்கெட் உட்பட ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

தீவு விஷயம் தனியாகவே சொல்ல வேண்டும். மாலத்தீவு என்றதும் கண்ணில் தெரிவது தண்ணீருக்கு மேல் கட்டின ரிசார்ட். டீச்சருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுமார் 1,200 தீவுகளில் மக்கள் வாழ்வது இருநூறுக்கும் கீழே. பள்ளிக்கூடம் இருப்பது அங்கேதான், அதில் பல தீவுகளின் மக்கள்தொகை நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும். பள்ளி முடிந்து தீவைச் சுற்றி ஒரு நடை போனால் இருபது நிமிஷத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அரிசி, பருப்பு, சூரை மீன் எப்போதும் கிடைக்கும். தக்காளி, கத்தரிக்காய், கறிவேப்பிலை எல்லாம் சரக்குப் படகு வந்தால்தான், வந்த அன்று கடைக்குப் போகாவிட்டால் அடுத்த படகுவரை வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான். (அந்த வெங்காயம் தூத்துக்குடியிலிருந்து தோணியில் போனதாகவும் இருக்கலாம்.) மாசிக் கருவாட்டுச் சம்பல் பிடித்தவர்களுக்கு அந்த ஊர் சொர்க்கம், சுத்த சைவக்காரர்கள் நன்றாக யோசித்துவிட்டுப் போங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி நிற்கும். தீவில் ஒரு சுகாதார நிலையம் இருக்கும், பெரிய நோய் என்றால் மாலேயில் உள்ள இந்திரா காந்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனால் ஆஃபரில் தீவின் பெயர் இல்லாமல் “மாலத்தீவில் போஸ்டிங்” என்று மட்டும் இருந்தால் அதை ஆஃபர் என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் தெரிந்ததும் மேப்பில் தேடுங்கள்: மாலேயிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் விமான நிலையம் உள்ள தீவு எது, ஸ்பீட் போட் வாரத்தில் எத்தனை நாள்.

இதையெல்லாம் சொன்னால் மாலத்தீவு மோசம் என்று நினைத்துவிடக் கூடாது. சில பேருக்கு அந்த அமைதி பிடித்துப்போய் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார்கள், செலவழிக்கக் கடையே இல்லாததால் பணமும் சேரும். இன்னொன்றையும் நம் ஆட்கள் கவனிப்பதில்லை: அங்கே உயர்நிலை வகுப்புகளில் கேம்பிரிட்ஜ், எடெக்செல் ஓ லெவல் தேர்வுகளுக்கு (நம்ம பத்தாம் வகுப்பு மாதிரியான பிரிட்டிஷ் தேர்வுகள்) பாடம் எடுப்பீர்கள். நாளைக்கு வேறு நாட்டில் இன்டர்நேஷனல் பள்ளிக்கு விண்ணப்பித்தால் அந்த அனுபவம் பேசும். துபாயில் சிபிஎஸ்இ பள்ளியில் ஐந்து வருஷம் இருந்தால் கையில் இருப்பது சிபிஎஸ்இ அனுபவம், அது ஏற்கெனவே இங்கேயும் கிடைப்பதுதான்.

காகிதங்களுக்கு வருவோம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதுவும் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சறுக்கல் இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் “செ. கவிதா”, பட்டத்தில் “கவிதா எஸ்”, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக வெறும் “கவிதா”, கல்யாணத்துக்கப்புறம் ஆதாரில் கணவர் பெயரோடு. இங்கே யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அங்கே நாலு காகிதமும் நாலு ஆள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது எத்தனை தமிழர்கள் அலைந்தார்கள் என்பது டிராவல் ஏஜென்ஸிக்காரர்களைக் கேட்டால் தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து சர்நேம் கட்டத்தை நிரப்பிவிடுவது நல்லது. ஆஃபர் வந்தபிறகு ஓடினால் பள்ளி உங்களுக்காகக் காத்திருக்காது.

அடுத்து தொலைநிலைப் படிப்பு. நம்ம ஊரில் பி.எஸ்சி. ரெகுலர், எம்.எஸ்சி. தபாலில், பி.எட். எங்கேயோ என்று படித்தவர்கள்தான் பாதிப் பேர். அமீரகத்தில் பட்டத்துக்கு ஈக்விவலன்சி (அந்த நாட்டுப் பட்டத்துக்கு இணை என்கிற சான்று) வாங்கும்போது நேரில் போய்ப் படித்தீர்களா என்று பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்பார்கள், தபால் பட்டம் அங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எம்.எஸ்சி.யைக் காட்டி சீனியர் போஸ்ட் கேட்கிற முன் இதைப் பள்ளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், மறைத்துப் போய் நடுவில் திரும்பி வருவதைவிட ரெகுலர் பட்டத்தை வைத்துக் கீழ் வகுப்பில் சேர்வது மேல். அட்டெஸ்டேஷனும், அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று முத்திரை வாங்குவதும், அப்படித்தான். ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்கிற அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை. மாநில அரசு, டில்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரை ஏற வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். இதற்கெல்லாம் ஒரிஜினல் சான்றிதழ் வேண்டும், அதுவோ பல பேருக்கு இப்போது வேலை பார்க்கிற பள்ளியின் பீரோவில் பூட்டியிருக்கும். அதை எப்படி வெளியே எடுப்பது என்பதை முதலில் யோசியுங்கள், மீதியெல்லாம் அப்புறம்.

ஏஜென்ட் பற்றிச் சுருக்கமாக: இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. “விசிட்டில் வாங்க, வந்ததும் மாத்திக்கலாம்” என்கிற பேச்சு துபாய் ஏஜென்ட்டுகளின் வழக்கம். மாலத்தீவுக்கு இதையே வேறு மாதிரி சொல்வார்கள், இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாமே, போய் இறங்குங்கள் என்று. சுற்றிப் பார்க்க முன்கூட்டி விசா வேண்டாம்தான், ஆனால் வகுப்பெடுக்க வொர்க் பர்மிட் வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும். அமீரகத்தில் குடும்ப விசா எடுக்க மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் வீடும். அந்தக் குறைந்தபட்சம் விசாவுக்கான தகுதி, அதில் குடும்பம் நடத்த முடியும் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் டீச்சர் பிள்ளைக்கு ஃபீஸ் சலுகை எவ்வளவு என்பது சம்பளத்துக்கு நிகரான கேள்வி. மாலத்தீவின் சின்னத் தீவில் சிபிஎஸ்இ எதிர்பார்க்க முடியாது, பதினொன்று பன்னிரண்டு வகுப்புகளும் எல்லாத் தீவிலும் கிடையாது. நீட் எழுதப்போகிற பிள்ளையை அங்கே கூட்டிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை. என்னைக் கேட்டால், தனியாளாக இரண்டு வருஷம் இருந்து கடனை முடிக்க நினைக்கிறவருக்கு, டாலர் விஷயம் தெளிவாக இருந்தால், மாலத்தீவு. கணவன் மனைவி இருவருக்கும் வேலை கிடைக்கும் என்கிற நிலை இருந்தால் அமீரகம். ஒருவர் சம்பளத்தில் மொத்தக் குடும்பமும் ஷார்ஜாவில் என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெட்டி கட்டும்போதும் ஒரு வார்த்தை. மாலத்தீவுக்குச் சாமி சிலை கொண்டுபோகத் தடை இருக்கிறது, மற்ற மதங்களின் பொது வழிபாடும் கிடையாது. துபாயில் கோயில், சர்ச் இரண்டும் உண்டு, ஆனால் குருமாவுக்கென்று அம்மா கட்டிக் கொடுக்கும் கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள், அரைத்த மசாலாப் பொடியிலும் இருக்கக் கூடாது. கோடீன், ட்ரமடால் கலந்த மாத்திரைகளுக்கும் முன்அனுமதி வேண்டும்.

கிளம்புகிற தேதியையும் கொஞ்சம் பாருங்கள். வேலைக்காக வெளியே போகிற வருஷத்தில், அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பவர் கணக்கு, அந்த வருஷம் வெளிநாட்டில் வாங்கிய சம்பளத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிக்கு ஏப்ரலில் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. நவம்பரில், ஜனவரியில் நடுவில் சேரச் சொன்னால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பழைய சேவிங்ஸ் கணக்கை அப்படியே வைத்திருக்காமல் வங்கியில் சொல்லி என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கானது) மாற்றி, வெளிநாட்டுச் சம்பளத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள்.