ஆங்கிலத்தில் கடவுளுக்கு எப்போது பெரிய எழுத்து, எப்போது சின்ன எழுத்து?

தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லையே கிடையாது. கடவுளுக்கு வரும் 'க'வும் கதவுக்கு வரும் 'க'வும் ஒரே அளவுதான். மரியாதை காட்ட 'ஆர்' விகுதி, 'அவர்கள்', 'திரு' என்று நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேப்பிடல் எழுத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். பாதித் தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. அங்கே பெரிய எழுத்து பெரும்பாலும் 'இது ஒரு பெயர்' என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

நண்பர் ஒருவர் பல மதங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை அண்மையில் திருத்திக் கொடுத்தேன். டெம்பிள், பிரேயர், பிளஸ்ஸிங், பிரீஸ்ட் என்று புனிதமாகத் தோன்றிய எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்து போட்டிருந்தார். அதே பக்கத்தில் இந்து, முஸ்லிம், குர்ஆன் மூன்றும் சின்ன எழுத்தில் இருந்தன. நேர்தலைகீழ்! முதல் நான்கும் பொதுப்பெயர்கள், அவை சின்ன எழுத்தில்தான் வர வேண்டும். பின்னால் வந்த மூன்றும் சிறப்புப்பெயர்கள், அவற்றுக்குப் பெரிய எழுத்து கட்டாயம். மதத்தின் பெயர், அதைப் பின்பற்றுவோரின் பெயர், அதிலிருந்து வரும் அடைமொழி, வேத நூலின் பெயர் எல்லாமே அப்படித்தான். டெம்பிள், சர்ச், மாஸ்க் (மசூதி) ஆகியவை ஒரு குறிப்பிட்ட இடத்தின் பெயரோடு ஒட்டி வந்தால் மட்டும் பெரிய எழுத்து பெறும். கோல்டன் டெம்பிள் என்றால் இரண்டு சொல்லுக்கும் பெரியது, வெறும் 'எ டெம்பிள்' என்றால் சின்னது.

அடுத்தது 'காட்' என்ற சொல். ஒரே கடவுள் என்ற பொருளில், அவரையே பெயர் சொல்லி அழைப்பதுபோல எழுதினால் 'ஜி' பெரியது. பல தெய்வங்களில் ஒருவர் என்ற பொருளில் வந்தால் சின்னது. கிரேக்கர்களின் 'காட்ஸ்', 'தி காடஸ் அதீனா' எல்லாம் சின்ன 'ஜி'தான், அதீனாவுக்கு மட்டும் பெரிய 'ஏ'. 'தி காட் சிவா' என்று எழுதும்போதும் இதே கணக்கு, இதில் எந்த அவமரியாதையும் இல்லை. 'லார்ட் சிவா' என்றால் லார்ட் பெயருக்கு முன்னால் பட்டமாக நிற்கிறது, அதனால் அதற்கும் பெரிய எழுத்து வரும். ஓர் இந்து 'எல்லாம் அந்தக் கடவுள் செயல்' என்று ஒரே பரம்பொருளை நினைத்து எழுதினால் பெரிய 'ஜி' போடுவதுதான் சரி. எந்த மதம் என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், அந்த வாக்கியத்தில் சொல் பெயராக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எழுத்தின் அளவு பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம் பைபிளில் சங்கீதம் 110-இன் முதல் வசனம். 'கர்த்தர் என் ஆண்டவரிடம் சொன்னார்' என்ற பொருளில் 'லார்ட்' இரண்டு முறை வருகிறது. கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் இன்றைய பதிப்புகளில் முதல் 'லார்ட்' முழுவதும் கேப்பிடலில் இருக்கும், இரண்டாவதில் 'எல்' மட்டும்தான் பெரியது. ஏனென்றால் எபிரேய மூலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது யூதர்கள் வாய்விட்டு உச்சரிக்காத கடவுளின் பெயர், இரண்டாவது தலைவனைக் குறிக்கும் சொல். அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டையும் ஒன்றுபோலத் தட்டச்சு செய்தால் அந்த வேறுபாடு காணாமல் போய்விடும். மேற்கோள் எடுக்கும்போது அப்படியே எடுங்கள்.

அப்புறம் 'ஹீ', 'ஹிம்' பிரச்சினை. கடவுளைக் குறிக்கும் பிரதிப்பெயருக்குப் பெரிய 'எச்' போடாவிட்டால் பாவம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1611-இல் வெளிவந்த அதே கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு அவற்றைச் சின்ன எழுத்தில்தான் எழுதுகிறது. 1982-இல் முழுமையாக வந்த நியூ கிங் ஜேம்ஸ் பெரிய எழுத்து போடுகிறது. செய்தித்தாள்காரர்கள் பின்பற்றும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) நடைக் கையேடு சின்ன எழுத்து என்கிறது. ஆக, இது உங்கள் விருப்பம், மரியாதைக்காகப் பெரிய எழுத்து போடும் வழக்கம் உண்மையிலேயே இருக்கும் இடமும் இதுதான். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: முதல் பத்தியில் பெரியது, மூன்றாம் பத்தியில் சின்னது என்று மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.

பைபிளுக்குப் பெரிய 'பி', ஆனால் 'பிப்ளிக்கல்' என்ற அடைமொழிக்குச் சின்ன 'பி' என்பதுதான் பரவலான வழக்கம். 'இந்த அகராதிதான் எனக்கு பைபிள்' என்று உவமையாகச் சொன்னால் பைபிளுக்கும் சின்னது. வேதங்களுக்குப் பெரிய 'வி', அதிலிருந்து வரும் 'வேதிக்'குக்கும் பெரியதே. கர்மா, தர்மா, நிர்வாணா எல்லாம் ஆங்கிலத்தில் கலந்துபோன சொற்கள், சின்ன எழுத்து போதும். ஹெவன், ஹெல், ஏஞ்சல், டெவில் சின்னவை, சேட்டன் (சாத்தான்) மட்டும் பெயர் என்பதால் பெரியது. போப், பிஷப், இமாம் எல்லாம் பெயருக்கு முன்னால் நின்றால் பெரிய எழுத்து, தனியாக வந்தால் சின்னது.

கத்தோலிக் என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெரிய 'சி' என்றால் அந்தத் திருச்சபை. சின்ன 'சி' என்றால் 'பரந்த, எல்லாவற்றையும் தழுவிய' என்று பொருள். ஒருவருடைய ரசனை பலதரப்பட்டது என்று பாராட்டப் போய் பெரிய 'சி' போட்டால் அவருடைய மதத்தைச் சொன்னதாக ஆகிவிடும். ஆர்த்தடாக்ஸும் அப்படியே, சின்ன 'ஓ' என்றால் மரபு வழுவாதவர், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வேறு ஒன்று. தன் மதத்துப் பெயர்களுக்கு மட்டும் பெரிய எழுத்து போட்டுவிட்டு அடுத்தவர் மதத்தின் பெயர்களைச் சின்ன எழுத்தில் விட்டுவிடுவது. கவனக்குறைவாகவே இருக்கலாம், ஆனால் படிக்கிற அந்த மதத்தவருக்கு அது அப்படித் தெரியாது. எழுதி முடித்ததும் மதப் பெயர்களை மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தேடும்போது 'ரீப்ளேஸ் ஆல்' பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். நண்பர் நான் சொன்னதைக் கேட்டு 'காட்' எல்லாவற்றையும் ஒரே தட்டில் பெரிய 'ஜி' ஆக்கிவிட்டார். அடுத்த வரைவில் கிரேக்கத் தெய்வங்கள் மொத்தமும் பெரிய எழுத்தில் நின்றன, கூடவே காட்ஃபாதர், காட்சென்ட் போன்ற சாதாரணச் சொற்களும் மாறியிருந்தன. பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்தினோம்.