மிளா வேட்டைக்கு முதல் ரைபிள்: எந்தக் கலிபர், எந்தத் துப்பாக்கி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குடியேறிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வரும்போதெல்லாம் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, மான் வேட்டைக்கு முதல் ரைபிள் எது வாங்கலாம்?" விக்டோரியாவின் கிப்ஸ்லாண்டில் வேலை பார்த்த காலத்தில் நானே அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும். மலேசியாவில் ரூசாவுக்கும் (மிளா) கிஜாங்குக்கும் (குரைக்கும் சிறு மான்) வேட்டை லைசென்ஸ் கொடுப்பதை வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் பன்றி விரட்டும் செனாப்பாங் துப்பாக்கிக்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேண்டும். பக்காக்குக் (நாட்டுத் துப்பாக்கி) மாதிரி கள்ளத் துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விக்டோரியாவில், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு பி பிரிவுத் துப்பாக்கி லைசென்ஸ், வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி, மானுக்கு கேம் லைசென்ஸ் (வேட்டை லைசென்ஸ்), வீட்டில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறு பெட்டி, எல்லாம் வேண்டும். லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும் என்பதை அங்குள்ள போலீஸிடம் கேட்டுவிட்டுத்தான் கடைப்பக்கம் போக வேண்டும். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

படி 1: எந்த மான்?

கலிபரைப் (குழலின் உள்விட்ட அளவு) பற்றி யோசிக்கும் முன் மானைப் பற்றி யோசியுங்கள். கிப்ஸ்லாண்ட் மலைக்காட்டில் பெரும்பாலும் தேடிப் போவது சாம்பார், அதாவது நம் மிளா. நம் காட்டு ரூசாவும் அதே இனம்தான். 1860களில் வெள்ளைக்காரர்கள் விக்டோரியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அது மலையெல்லாம் பெருகிவிட்டது. சின்ன ஆடு மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். நன்கு வளர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிமன், எலும்பு கனம், அடிபட்டாலும் ஓடும். ஃபேலோ மான் அதில் பாதி எடைகூட வராது.

அதனால்தான் சட்டமும் இரண்டாகப் பிரிக்கிறது. சாம்பார், சிவப்பு மான், ரூசா மானுக்குக் (இது ஜாவா மான், மலேசியாவில் ரூசா என்பது வேறு) குறைந்தது .270 அங்குலக் கலிபர், 130 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு. ஃபேலோ, புள்ளிமான், ஹாக் மானுக்குக் குறைந்தது .243 அங்குலம், 80 கிரெயின். இந்த இரண்டு வரியை எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கலிபர்

.243 வின்செஸ்டரில் உதை (சுடும்போது தோளில் விழும் இடி) குறைவு, பழகுவதற்கு அருமை. ஆனால் சாம்பாருக்குச் சட்டப்படி ஆகாது. .270 வின்செஸ்டர் 1925இல் வந்தது, இன்றும் நல்ல தோட்டா. 7எம்எம்-08 உதை மிதமானது, உடம்பு சிறியவர்களுக்கு ரொம்பப் பொருந்தும். .30-06 1906ஆம் ஆண்டுச் சரக்கு, எல்லா மானுக்கும் போதும், உதை கொஞ்சம் கூட. .300 வின்செஸ்டர் மேக்னத்தை முதல் துப்பாக்கியாக வாங்கவே வேண்டாம். அந்த உதையில் பயம்தான் பழகும், குறி பழகாது.

என் தேர்வு .308 வின்செஸ்டர். 1952இல் வந்த தோட்டா, அங்கே எந்த வேட்டைக்கடையிலும் கிடைக்கும், விலையும் மற்றவற்றோடு பார்த்தால் கையைக் கடிக்காது. சாம்பாரை அடர்ந்த காட்டில் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் பார்ப்பீர்கள். அங்கே தூரம் பாயும் தோட்டாவுக்கு வேலையே இல்லை.

கலிபரைவிடக் குண்டின் கட்டுமானம் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். சாம்பாருக்கு 150 முதல் 180 கிரெயின் வரை, உள்ளே போனதும் சிதறாமல் விரிந்து ஆழமாகப் போகும் குண்டாக இருக்க வேண்டும். மலிவான மென்குண்டு தோள் எலும்பில் உடைந்து நின்றுவிட்டால், அடிபட்ட மான் எங்கேயோ போய் வதைபட்டுச் சாகும். ஒரு உயிரை எடுக்கப் போகிறவன் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

படி 3: துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா?

என்னை ரொம்ப நாள் திணற வைத்த படி இது. கலிபரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு, இதைச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை.

கடையில் நிற்கும் ரைபிள்களில் விசையிலிருந்து, தோளில் வைக்கும் கட்டையின் பின்முனை வரை பெரும்பாலும் 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆறடி ஆளுக்குச் சரி. நம்மில் பலருக்கு அது நீளம். நீளமான கட்டையைத் தோளில் வைத்தால் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும், ஸ்கோப்பில் ஓரமெல்லாம் கறுப்பு நிழல் விழும், கட்டை தோள் குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். பிறகு .308 உதைத்தாலும் மேக்னம் உதைத்த மாதிரி வலிக்கும். வலித்தால் அடுத்த முறை விசையை இழுக்கும்போதே உடம்பு தானாகச் சுருங்கிவிடும், குண்டு எங்கேயோ போகும். ஆள் கலிபரைத் திட்டுவார்.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஊழியரிடம் சொல்லி போல்ட்டைத் திறந்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். குழல் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும். குளிர்காலத்தில் போடப்போகும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவே கட்டையை நீளமாக்கிவிடும். கண்ணை மூடி, ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். விசைக்கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். மூக்கில் இடித்தால் கட்டை குட்டை. முழு வட்டம் பார்க்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் நீளம்.

நீளமாக இருந்தால் கடைக்காரர் மாற்றித் தருவதைப் பாருங்கள். சில ரைபிள்களில் கட்டையின் பின்முனையில் உள்ள பட்டைக்கு அடியில் தட்டுகள் இருக்கும், அவற்றைக் கழற்றிக் குறைக்கலாம். காம்பாக்ட் என்று குட்டைக் கட்டையுடனும் விற்கிறார்கள். அது சின்னப் பசங்களுக்கு என்று நினைத்து ஒதுக்காதீர்கள். கட்டை குட்டை என்பதற்காகக் குண்டின் வேகம் குறையாது.

படி 4: எந்தக் கம்பெனி?

எனக்கு ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ்தான் பிடிக்கும். போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும், எடை குறைவு, இடக்கைக்காரர்களுக்கும் தனியாக உண்டு. பட்ஜெட் இடிக்கிறதா? ஜப்பானின் ஹோவா 1500 வாங்குங்கள், கனம் கொஞ்சம் கூட, ஆனால் அந்தக் கனமே உதையை வாங்கிக்கொள்ளும். இரண்டுமே நம்பிப் போகலாம். மீதிப் பணத்தை ஸ்கோப்பிலும் தோட்டாவிலும் போடுங்கள்.

படி 5: ஸ்கோப், பிறகு சரிபார்த்தல்

3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) போதும். பெரிதாக்கிப் பார்க்கும் அளவைக் காட்டில் 3இலேயே வைத்திருங்கள், மிளா குறுக்கே வந்தால் அகலமான பார்வைதான் உதவும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் சுமார் 9 செ.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். குறைத்தால் உதையில் ஸ்கோப் இடித்து, புருவத்தில் வளையம் போட்டு ரத்தம் வரும்.

சுடும் களத்தில் முதலில் 25 மீட்டரில் தாளில் விழுகிறதா என்று பாருங்கள், அப்புறம் 100 மீட்டர். அங்கே 5 செ.மீ. மேலே விழும்படி வைத்தால் 150 கிரெயின் .308, 200 மீட்டர் அருகே குறியில் வந்து உட்காரும். மூன்று மூன்று குண்டாகச் சுட்டு, குழல் ஆறவிட்டுத் தொடருங்கள்.

பின்சேர்க்கை:

ஒரு தம்பி 6.5 கிரீட்மோர் தோட்டாவில் சாம்பாருக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். போக முடியாது. அதன் குண்டு .264 அங்குலம்தான், சட்டம் கேட்பது .270. ஃபேலோவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். விற்பவர் இதைச் சொல்லுவார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொருவர், தோட்டா கம்பெனியை மாற்றியதும் குறி தப்புகிறது என்றார். துப்பாக்கியில் கோளாறு இல்லை. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே குழலில் வேறு இடத்தில் விழும். எந்தத் தோட்டாவில் சரிபார்த்தீர்களோ அதே பெயர், அதே எடையில் நான்கைந்து பெட்டி சேர்த்து வாங்குங்கள். வேறு பெட்டிக்கு மாறினால் 100 மீட்டரில் மறுபடி மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும்.