மாடு எந்தப் பக்கம் பார்க்கிறது? வகுப்பறைக்கு ஒரு மொழிச் சோதனை

மொழி நம் சிந்தனையை எப்படி வளைக்கிறது என்று வகுப்பில் சொற்பொழிவாற்றினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இரண்டு மேசை, நான்கு பிளாஸ்டிக் பொம்மை இருந்தால் அதைச் செய்தே காட்டலாம். மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் பல நாடுகளில் நடத்திய சோதனையின் எளிய வடிவம் இது.

மாடு, ஆடு, குதிரை, பன்றி என நான்கு பொம்மைகள் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புள்ளி இருந்தால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். மேசைகளை இரண்டு மீட்டர் இடைவெளியில் போடுங்கள், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. சென்னையில் கிழக்கு தெரிய காம்பஸ் வேண்டாம், கடல் இருக்கிற பக்கம்தான். ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

மாணவர் நடுவில் நின்று கிழக்கு மேசையைப் பார்க்கட்டும். மூன்று பொம்மைகளை வரிசையாக, எல்லாம் வடக்கே, அதாவது அவருடைய இடப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். "நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லி, அரை நிமிடம் கழித்து நான்கு பொம்மைகளையும் கையில் கொடுத்து, மேற்கு மேசைப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள். "அங்க இதே மாதிரி அடுக்கு." வரிசைதான் சோதனை என்று அவர் நினைப்பார். நீங்கள் கவனிப்பது முகம் திரும்பிய பக்கத்தை. மறுபடியும் இடப்பக்கம் பார்க்க வைத்தால் அவர் உடம்பை வைத்துக் கணக்குப் போடுகிறார். இப்போது வலப்பக்கமாகிவிட்ட வடக்கையே பார்க்க வைத்தால் திசையை வைத்து.

வரிசையை மாற்றி ஆறு முறை செய்யுங்கள். மூன்றில் பொம்மைகள் தெற்கே பார்க்கட்டும். ஐந்து முறையாவது ஒரே வகையாக வந்தால்தான் கணக்கில் எடுங்கள். ஒருவருக்கு நான்கைந்து நிமிடம் ஆகும், ஆகவே ஒரு பீரியடில் எட்டுப் பேருக்கு மேல் முடியாது. மற்றவர்கள் வெளியே இருக்கட்டும். முதல் ஆளைப் பார்த்துவிட்டால் அடுத்தவர் காப்பியடிப்பார்.

பெரும்பாலும் கெடுப்பது ஆசிரியரின் வாய்தான். "இடது", "வடக்கு" மட்டுமல்ல, "திசை" என்ற சொல்லே விடையைச் சொல்லிவிடும். "எந்தப் பக்கம் சார் பாக்கணும்?" என்று கேட்டால், "நீ பாத்த மாதிரியே" என்பதோடு நிறுத்துங்கள்.

தமிழ்நாட்டில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் ஆராய்ந்தபோது, கிராமத்தார் திசையையும் நகரத்தார் இடம் வலத்தையும் அதிகம் சார்ந்திருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே தமிழ்தான், புழக்கம்தான் வேறு. "கெழக்கால நகந்து உக்காரு" என்ற பேச்சுக்கும் ஆட்டோக்காரரிடம் சொல்லும் "லெஃப்ட்ல கட் பண்ணுங்க"வுக்கும் உள்ள தூரம் அது. ஆனால் "மொழி மூளையைச் சிறைப்பிடிக்கிறது" என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். பெக்கி லி, லைலா கிளைட்மன் என்ற உளவியலாளர்கள் 2002இல், சுற்றியுள்ள அடையாளங்களை மாற்றினாலே விடை மாறுகிறது என்று காட்டினார்கள். லெவின்சன் தரப்பு மறுத்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னது இதற்காகத்தான். அடுத்த பீரியடில் ஜன்னலைத் திறந்து இன்னொரு எட்டுப் பேரிடம் செய்து பார்த்தால், அந்தச் சண்டை பிள்ளைகளுக்கே புரியும்.

பேச்சைத் தொடங்க ஒரு சொல் போதும். கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மலையிலிருந்து கடலுக்குச் சரியும் தமிழ் நிலம் அப்படியே திசைப் பெயராகிவிட்டது. மலையாளத்திலும் கிழக்கு கிழக்குத்தான், அங்கே மலை கிழக்கே நிமிர்ந்து நின்றாலும். மேற்கை மட்டும் அவர்கள் படிஞ்ஞாறு என்கிறார்கள், ஞாயிறு படும் பக்கம்.

வீட்டுப்பாடமாக, தாத்தா பாட்டியிடம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வழி கேட்டு, அனுமதியோடு போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். திசைச் சொல் எத்தனை, இடம் வலம் எத்தனை, "அந்த டீக்கடை பக்கத்துல" மாதிரி எத்தனை என்று மூன்று பத்தியாக எண்ண வேண்டும். மூன்றாவது பத்திக்கு இடம் தாராளமாக விடுங்கள்.