மலைமேல் ரியோக்கான்: பணம் கட்டும் முன் தாஷி பற்றிக் கேளுங்கள்

ஜப்பானுக்கு வந்து, ரெசிடென்ஸ் கார்டு வாங்கி, வார்டு ஆபீஸில் முகவரியைப் பதிந்து, வங்கிக் கணக்கும் போனும் கைக்கு வந்தாகிவிட்டது. கோல்டன் வீக்கோ புத்தாண்டு விடுமுறையோ நெருங்கினால் அடுத்த ஆசை ஒன்சென் ரியோக்கான்தான், அதாவது வெந்நீர் ஊற்றுள்ள ஜப்பானிய மரபு விடுதி. ஹகோனே, குசாட்சு, கின்ஸான், நியூட்டோ, குரோகாவா என்று எங்கு வேண்டுமானாலும் போங்கள், கட்டாயம் போங்கள். பனி விழும்போது திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து உட்காரும் சுகம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் உங்கள் கூட்டத்தில் சைவம் சாப்பிடுபவர் ஒருவர் இருந்தாலும், பணம் கட்டும் முன் இதைக் கடைசிவரை படியுங்கள். ஆண்டுதோறும் புதிதாக வரும் நம்மவர்கள் இதே இடத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள்.

முன்பதிவு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரியோக்கான் வாடகை அறைக்கு அல்ல, ஆளுக்கு. 25,000 யென் என்று போட்டிருந்தால் இருவருக்கு 50,000. 'இப்பாக்கு நிஷோக்கு' என்றால் ஓர் இரவு, இரண்டு வேளை உணவு. 'சுதோமாரி' என்றால் உணவில்லாமல் தங்குவது மட்டும். இவற்றுக்கு மேல் குளியல் வரி என்று பெரும்பாலும் ஆளுக்கு 150 யென் வரும், அதை அங்கேயே வாங்குவார்கள். சிறுவர் கட்டணம் உணவு, படுக்கை வேண்டுமா என்பதைப் பொறுத்து மாறும். ஜப்பானில் முகவரி உள்ளவர் பதிவேட்டில் அந்த முகவரியை எழுதினால் போதும். பாஸ்போர்ட் நகல் எடுக்கும் விதி இங்கே வசிக்காத வெளிநாட்டினருக்கானது.

இனி பொறிக்கு வருவோம். நம்மூரில் 'சைவம்' என்ற ஒரு சொல் போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து ரயில் சாப்பாடு வரை எல்லாருக்கும் புரியும். மலையடிவார ரியோக்கான் சமையலறையில் அந்தச் சொல்லுக்கு ஈடே கிடையாது. 'வெஜிடேரியன்' என்று எழுதினால், இறைச்சித் துண்டும் மீன் துண்டும் எடுத்துவிட்ட தட்டு என்றுதான் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். இறைச்சிக்கான ஜப்பானியச் சொல்லைப் போட்டு 'நிகு' வேண்டாம் என்றாலும் காப்பில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லில் மீன் அடங்காது. தட்டில் மீனே கண்ணில் படாவிட்டாலும் குழம்பு முழுக்க மீன்தான். அதுதான் தாஷி.

ஜப்பானியச் சமையலின் அடிச்சாறு தாஷி. அதை மிகுதியாக 'கட்சுவோபுஷி'யில் எடுப்பார்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல இறுகும்வரை உலர்த்திச் சீவியது அது. இலங்கைச் சமையலில் போடும் மாசிக்கருவாட்டை அறிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும், இரண்டும் ஒரே மீன். மிசோ சூப், முட்டையை ஆவியில் வேகவைக்கும் சவான்முஷி, கிழங்கும் முள்ளங்கியும் போட்ட அவியல், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, காய்கறி தெம்புராவின் தொட்டுச்சாறு, சாலட்டின் மேல் ஊற்றும் கலவை, காலையில் வரும் சுருட்டிய முட்டை என்று எல்லாவற்றிலும் இது இருக்கும். டோஃபுவின் மேல் நெளிந்து ஆடும் இளஞ்சிவப்புச் சீவலும் இதுவே. மூடிச்சட்டியில் வரும் காய்கறிச் சோறுகூடப் பல நேரம் தாஷியில் வெந்ததாக இருக்கும். எல்லாவற்றையும் தள்ளிவைத்தால் மிஞ்சுவது வெள்ளைச்சோறும் சில ஊறுகாயும்.

போய்ச் சேர்ந்தபின் சொன்னால் ஏன் மாற்றித் தர மாட்டார்கள்? அவர்களுக்கு மனமில்லை என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். இரவு உணவு எட்டுப் பத்து வகை கொண்ட வரிசை. தலையெண்ணிக்கைப்படி முன்னதாகவே பொருள் வாங்கிவிடுவார்கள். தாஷியை நீங்கள் வருவதற்கு முன்பே பெரிய அண்டாவில் எடுத்து, அதிலேயே அவியலும் சாறும் தயாராகியிருக்கும். சிறிய விடுதியில் சமையல்காரர் ஒருவரே. மாலை ஐந்து மணிக்கு வேறு அடிச்சாறு வைத்து எட்டு வகையையும் அவரால் மறுபடி செய்ய முடியாது. பணத்தையும் திருப்பித் தர மாட்டார்கள், அன்றைக்கே ரத்து செய்தால் 80 முதல் 100 சதவீதம்வரை பிடித்தம் செய்வது இங்கே வழக்கம். ஒரு வாரம் முன்பே 20, 30 சதவீதப் பிடித்தத்தைத் தொடங்கும் விடுதிகளும் உண்டு. அந்த மலையில் கடைசிப் பேருந்து போயிருக்கும், கன்வீனியன்ஸ் ஸ்டோர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 50,000 யென் கட்டிவிட்டு, பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்று படுப்பது இப்படித்தான் நேர்கிறது.

ஆகவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் கேள்வி, பதில் எழுத்தில் வந்தபின் முன்பதிவு. தளத்தின் 'கோரிக்கை' கட்டத்தில் எழுதிவிட்டுப் பணம் கட்டுவது போதாது, அந்தக் கட்டத்தில் எழுதுவது வேண்டுகோள்தான், வாக்குறுதி ஆகாது. விடுதிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள் அல்லது ஜப்பானிய நண்பரைப் போன் செய்யச் சொல்லுங்கள். குறைந்தது பத்து நாள் இருக்கட்டும். சொல்ல வேண்டியது இது: "நிகு தோ சகானா வா தபெராரெமசென். கட்சுவோ தாஷி மோ தபெராரெமசென். கொம்பு தோ ஷீடாகே நோ தாஷி வா தாய்ஜோபு தெஸ்." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம், சூரைமீன் தாஷியும் ஆகாது, கொம்பு எனும் கடற்பாசியிலோ ஷீடாகே காளானிலோ எடுத்த தாஷி சரி என்று பொருள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எது கூடாது என்று மட்டும் சொன்னால் சமையல்காரர் கையை விரித்துவிடுவார், எது ஆகும் என்று சொன்னால் அவருக்கு வழி தெரியும். முட்டை, பால் பற்றியும் ஒரு வரி சேருங்கள். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்கள் 'கியூநிகு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அதைப் பெரும்பாலும் எளிதாக மாற்றித் தருவார்கள். ஹலால் பார்ப்பவர்கள் மிரினையும் சாக்கேயையும் தனியே கேட்க வேண்டும், இந்த இரண்டு மதுவும் சாறுகளில் கலந்திருக்கும். ஒவ்வாமை என்று பொய் சொல்லாதீர்கள். ஒவ்வாமை என்றால் பாத்திரம்வரை பிரிக்க வேண்டுமே என்று அஞ்சி, முன்பதிவையே மறுத்துவிடுவார்கள்.

'முடியாது' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அது நேர்மையான பதில். 'முயற்சி செய்கிறோம்' என்று வந்தால்தான் தாஷியை மறுபடி பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, வாகயாமாவின் கோயாசான். 816இல் கூக்காய் துறவி தொடங்கிய மலை. அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட கோவில்களில் தங்கலாம், உணவு 'ஷோஜின் ரியோரி'. இறைச்சி, மீன் கிடையாது, தாஷியும் கொம்பு, காளானில்தான். வெங்காயம், பூண்டுகூடச் சேராது என்பதால், அவற்றைத் தொடாத நம் வீட்டுப் பெரியவர்களும் நிம்மதியாகச் சாப்பிடலாம். குறை ஒன்றுதான், பெரும்பாலான கோவில்களில் இருப்பது சாதாரண வெந்நீர்க் குளியலறை, ஒன்சென் ஊற்று அல்ல.

ஊற்றும் வேண்டும் என்றால் இரண்டாவது வழி, நான் அடித்துச் சொல்வது: நாமே சமைத்துக்கொள்ளும் 'ஜிசுயி' விடுதி. வயலில் உழைத்தவர்கள் வாரக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்ட 'தோஜி' மரபு வடகிழக்கு ஜப்பானில் இன்னும் இருக்கிறது. இவாதேயின் ஹனமாகி பக்கம் உள்ள ஒசாவா ஒன்சென் அப்படி ஒன்று. அடுப்பு, பாத்திரம் உள்ள பொதுச் சமையலறையில் நாமே பொங்கிக்கொள்ளலாம், வாடகையும் குறைவு. டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாயியின் கடைகளில் பருப்பு, புளி, பெருங்காயம் வாங்கிப்போனால் மலையிலேயே ரசச்சோறு. தனியாக அடுப்பங்கரை இல்லாத சாதாரண ரியோக்கான் அறையில் மட்டும் ரைஸ் குக்கரோ மின்அடுப்போ வைக்கவே வைக்காதீர்கள். தீ எச்சரிக்கை அலறும், தாளிப்பு வாசனை தாத்தாமி பாயில் ஏறினால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழும்.

போகும் நாளுக்கு வருவோம். பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே விடுவார்கள். இரவு உணவு ஆறு, ஆறரை. ஏழுக்குமேல் வந்தால் சாப்பாடு போச்சு, பணமும் வராது. நிலையத்திலிருந்து வேன் அனுப்பும் விடுதி என்றால் அதையும் முன்பே சொல்லி வையுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உள்ளே தரும் ஸ்லிப்பரோடும் தாத்தாமியில் மிதிக்கக் கூடாது, கழிப்பறைக்கு வேறு ஸ்லிப்பர். விடுதியில் தரும் யுகாதா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி கட்டுங்கள், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டும் முறை. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் வந்து மெத்தை விரித்துவிடுவார்கள். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள்.

குளியலில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை சில. துணி எதுவும் கிடையாது. சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கத் தேய்த்துக் கழுவியபின்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் முதலில் ஷாம்பூ போட்டு அலசுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் நீர்மேல் மிதக்கும். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள், சிறு துண்டு நீரில் படக்கூடாது. குசாட்சு, நியூட்டோ போன்ற கந்தக ஊற்றுகளில் கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாம் சில நிமிடத்தில் கறுத்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்வதால் வரும் கறுப்பு அது. 22 காரட் தங்கத்திலும் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் தாலிக்கொடியும் மங்கலாம், கழற்றி அறைப் பெட்டகத்தில் வையுங்கள். கழற்ற மனமில்லையென்றால் கந்தகமில்லாத ஊற்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பச்சை குத்தியவர்களும், பிறர் முன் உடையில்லாமல் குளிக்கக் கூச்சப்படுபவர்களும் 'கஷிகிரி' தனிக்குளியலை வந்தவுடனே வரவேற்பில் பதிந்துகொள்ளுங்கள். பொதுவாக முக்கால் மணி நேரம் தருவார்கள், மாலை நேரங்கள் முதலில் போய்விடும். இரவும் காலையும் ஆண்கள், பெண்கள் பகுதியை மாற்றிவிடும் விடுதிகள் நிறைய. காலையில் தூக்கக் கலக்கத்தோடு நேற்றுப் போன கதவைத் தள்ளாதீர்கள், தொங்கும் துணியின் நிறத்தைப் பாருங்கள், பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு.

காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கார்டு எடுக்காத மலை விடுதிகள் இன்னும் உண்டு, கையில் ரொக்கம் இருக்கட்டும்.